ஒரு வருஷத்துச் சட்டை

பவானி ஆற்றங்கரையில் அமிர்தவல்லி அம்மா நடத்தும் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை கேட்டு வருகிறவர், கேட்ட அன்று போட்டிருந்த உடுப்பையே ஒரு வருஷம் உடுத்த வேண்டும். தினமும் ஆற்றில் தானே துவைக்க வேண்டும். கிழிந்தால் தானே தைக்க வேண்டும். அது ஒரு வருஷம் தாங்கினால்தான் தீட்சை. ஒரு பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்து, அதே சட்டையோடு தீட்சை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

தெய்வசிகாமணிக்கு இது தெரியும். ஈரோட்டில் மூன்று மாடித் துணிக்கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைதோறும் புது டிசைன் இறக்குபவர். மனைவி போன பிறகு அவருக்கு மனம் எதிலும் நிற்கவில்லை. தீட்சை கிடைத்தால்தான் மிச்ச நாளைத் தள்ள முடியும் என்று நம்பினார். அதனால் முன்யோசனையோடு, தன் கடையின் புதுச் சரக்கிலேயே பளிச்சென்று ஒரு நீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பாவம், அந்த முன்யோசனைதான் அவரைக் கவிழ்த்தது.

முதல் வாரமே சாயம் போனது. இரண்டாம் வாரம் காலர் சுருண்டது. ஐந்தாம் வாரம் அக்குளில் பிரிந்த தையலைப் பிடிக்கப் போனால், ஊசி நுழைந்த இடமெல்லாம் ஓட்டையானது. ஏழாம் வாரம் துவைகல்லில் ஓர் அடி அடித்தார். முதுகு நெடுகக் கிழிந்தது.

அறுபது வயது மனிதர், தன்னைவிட இருபது வயது இளைய குருவின் முன்னால் அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அம்மா, எனக்குத் தீட்சை இல்லீங்களா?”

“யாரு சொன்னது? வேற சட்டை போட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க. ஒரு வருஷம் தாங்குற மாதிரி பாத்து எடுத்துட்டு வாங்க. கடை உங்களோடதுதானே?”

அவருக்கு உயிர் வந்தது. கிழிந்ததைக் கொடியில் போட்டுவிட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் பொழுது சாய வெறுங்கையோடு திரும்பினார்.

“கடை லீவுங்களா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லீங்கம்மா. நல்ல கூட்டம். மூணு மாடியும் ஏறி எறங்குனேன். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். தையலை இழுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட ஒரு வருஷம் தாங்காதுங்க.”

“நாள் பூரா கடையில இருந்திருக்கீங்க. உங்ககிட்ட யாரும் பேசலையா?”

தெய்வசிகாமணி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஒரு பொண்ணு வந்துச்சுங்க. வூட்டுக்காரரு மண்டியில மூட்டை தூக்குறாராம். நான் வேண்டாம்னு வெச்ச சட்டையைக் கையில எடுத்துட்டு, ‘அண்ணா, இது நல்லா உழைக்குமா’ன்னு கேட்டுச்சுங்க.”

“என்ன சொன்னீங்க?”

அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார்.

“வாய்ப் பழக்கமுங்கம்மா. ‘தாராளமா உழைக்கும், எடுத்துக்க’ன்னுட்டேன்.”

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அம்மா எழுந்துபோய்க் கொடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்து, மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

“தீட்சை எங்கயும் ஓடிப் போகாது. நாளையிலிருந்து இதைப் போட்டுக்கிட்டு உங்க கடை வாசல்ல நில்லுங்க.”

“எத்தனை நாளைக்குங்கம்மா?”

“அந்தப் பொண்ணுகிட்டச் சொன்ன வார்த்தையை மனசறிஞ்சு சொல்ற மாதிரி ஒரு சட்டை உங்க கடைக்கு வர்ற வரைக்கும்.”

அவர் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். கிழிசல் வழியாக அவர் கை தெரிந்தது.

“முதுகு பூரா கிழிஞ்சு கெடக்குதுங்களே. நாலு பேரு கேப்பாங்களே?”

“கேட்டா, எங்க எடுத்ததுன்னு சொல்லுங்க.”