மானாகப் பிறந்த அரசன்

மழை பொய்த்த வருஷம். பிள்ளையின் பசிக்காக அரசனின் காட்டில் ஒரு மானை அடித்துப் பிடிபட்ட சேந்தனுக்கு, விடிந்தால் தலை போகும். அவன் அக்கா மருதி, விகாரையில் புத்தரின் முற்பிறவிக் கதைகளைச் சொல்பவள். அன்று அரசன் அவளை அழைத்தான்.

"புத்தர் மட்டும்தான் மானாகவும் முயலாகவும் பிறந்தாரா? எனக்கும் அப்படி ஒரு பிறவி சொல். இல்லாவிட்டால் உனக்கு நாக்கு இருக்காது."

மருதி சொன்னாள்: "ஒரு பஞ்சத்தில், பசியால் துடித்த வேடனிடம் ஒரு மான் தானாக வந்து, 'என்னைத் தின்று பிழைத்துக்கொள் அப்பா' என்றது. அந்த மான் தாங்கள்தான்."

சபை ஆரவாரித்தது. அரசன் மீசையைத் தடவினான். "அந்த வேடன் யார்?"

"தங்கள் சிறையில் கிடக்கிறான், அரசே. என் தம்பி. அன்று கொடுத்த இறைச்சிக்கு இன்று தலையைக் கேட்கிறீர்கள்."

அரசன் சபையைப் பார்த்தான். சபை தரையைப் பார்த்தது. சேந்தனை அவிழ்த்துவிட்டார்கள்.

அவன் வீட்டுக்கு ஓடினான். பிள்ளையின் மூச்சு முந்தின நாளே அடங்கிவிட்டிருந்தது.