கமுகின் அடியில் ஒரு பறக்கும் ஓணான்

“சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எம்மக பகவதி கேப்பா,” என்றார் பூதலிங்கம்.

சாமி கமுகந்தோப்பில் சருகு அள்ளிக்கொண்டிருந்தார். சீடரான பூதலிங்கத்தைவிட அவருக்கு வயது குறைவு.

“என்ன சொல்லணும்?”

“தலைப்பிரசவம் அப்பன் வீட்டுலதான்னு. வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்தேன். புருஷன் வீட்டுக்கே திரும்பிட்டா. மறுபடி கூட்டிட்டு வந்தேன். மறுபடியும் போயிட்டா. ரப்பர் தோட்டத்துல ஒத்தை அறை, சாமி. தாயில்லாத பிள்ளை. இன்னைக்கும் காரோடதான் வந்திருக்கேன்.”

“அவ என்ன சொல்லுதா?”

“அங்கதான் பெறுவேங்கா.”

“ஏன்னு கேட்டீரா?”

பூதலிங்கம் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கேக்கலை.”

ஒரு கமுகின் அடியில், ஈர மண்ணில், மரப்பட்டை நிறத்தில் ஏதோ அசைந்தது. பறக்கும் ஓணான்.

“பாவம், விழுந்துட்டு.” பூதலிங்கம் குனிந்து இரு கைகளாலும் ஏந்தினார். எட்டும் உயரத்தில் அதை மரத்தோடு ஒட்டவைத்தார்.

“விழுற சாதியா ஓய் அது? விலாவுல சிறகை விரிச்சு மரத்துக்கு மரம் போகும். எறும்பைத் தின்னுட்டு மேலேயே இருந்துக்கிடும். தரையை மிதிக்கிறதே அபூர்வம்.”

“பிறகு எதுக்கு இறங்கிச்சு?”

“என்கிட்ட கேட்டா? அதுகிட்டக் கேளும்.”

ஓணான் தலைகீழாக இறங்கி வந்தது. அதே இடத்தில் நின்றது.

பூதலிங்கம் மறுபடி தூக்கி வைத்தார். “கோழி திரியுத இடம், மக்கா. மேல இரு.”

மறுபடியும் இறங்கியது.

அவர் மீண்டும் கை நீட்டினார். சாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓய், மரத்துல மண் இருக்கா?”

பூதலிங்கத்துக்குப் புரியவில்லை. கையும் விடுபடவில்லை. குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓணான் மூக்கை மண்ணில் குத்தியது. தலையால் நெம்பியது. கொஞ்சம் கொஞ்சமாய்க் குழி விழுந்தது. பிறகு திரும்பி, வாலைக் குழிக்குள் இறக்கி, அசையாமல் இருந்தது.

வெள்ளையாக ஒரு முட்டை விழுந்தது. இன்னொன்று.

சாமி அவர் கையை விட்டார்.

வேலியோரமாக ஒரு கோழி கிளறிக்கொண்டே நெருங்கியது. பூதலிங்கத்தின் கை ஓணானை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

அவர் எழுந்தார். கோழிக்கும் ஓணானுக்கும் நடுவில் போய் நின்று, துண்டை வீசினார். கோழி கொக்கரித்துக்கொண்டு விலகியது.

அங்கேயே நின்றார். வெயில் முதுகில் ஏறியது.

ஓணான் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. தலையால் தட்டித் தட்டி இறுக்கியது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

“நாளைக்கு மரத்துக்குப் போயிரும்,” என்றார் சாமி. “அதுவரைக்கும் கோழியை நான் பாத்துக்கிடுதேன்.”

வாசலிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தான். “அண்ணாச்சி, பகவதியக்காவைக் கூட்டப் போவோமா?”

“போவோம். வழியில ஆசாரியையும் ஏத்திக்கணும்.”

“மரவேலைக்காரர் எதுக்கு அண்ணாச்சி?”

“ரப்பர் தோட்டத்து வீட்டு உத்தரம் தொட்டில் தாங்குமான்னு பார்க்கணும்.”