வாலில்லாத ஷீப்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேம்பக்குறிச்சிச் சீமையைச் சிங்கமுத்துராயர் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்தபடி. ஒரு மாதம் கிளி வளர்ப்பார், மறுமாதம் கிளியைக் கண்டாலே ஆகாது. அந்த வருஷம் அவரைப் பிடித்திருந்த பைத்தியம் இங்கிலீஷ்.

துபாசி வரதப்பருக்கு அடித்தது யோகம். துபாசி என்றால் துரைமார் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்கிறவர். அவர் இங்கிலீஷில் தும்மினால்கூட ராஜா 'ஆகா' என்பார். இருந்தும் வரதப்பருக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை. இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத மந்திரி ஆவுடையப்பரிடம் ராஜா இன்னும் யோசனை கேட்கிறாரே!

ஒருநாள் சாவடிக் காவலாட்கள் சந்தேகப்பட்டுச் சடையாண்டி என்கிற ஆட்டுக்காரனைப் பன்னிரண்டு செம்மறிகளோடு பிடித்து வந்தார்கள். அவன் கையில் ஒரு கடிதம். துறைமுகத்துத் துரையிடம் ஏழு வருஷம் உழைத்தவன் அவன். துரை ஊருக்குக் கப்பலேறும்போது ஆடுகளை அவனுக்கே கொடுத்து, வழியில் யாரும் மறிக்காமலிருக்க எழுதியும் கொடுத்தாராம்.

வரதப்பர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "'இதைக் கொண்டுவருபவன் ஷீப் வைத்துக்கொள்ளலாம்.' ஷீப் என்றால் செம்மறி. பல ஆடு என்றால் ஷீப்ஸ் என்றல்லவா இருக்கவேண்டும்? துரை கொடுத்தது ஒன்று. மீதி பதினொன்றும் திருட்டு!"

"திருடிய கையை வெட்டுங்கள்" என்றார் ராஜா. விசாரணை அவ்வளவுதான்.

"சாமி, எனக்கு எழுத்துத் தெரியாது, ஆடுதான் தெரியும்" என்று சடையாண்டி கதறினான். பன்னிரண்டு ஆடும் அவன் காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றன.

ஆவுடையப்பருக்கு மனசு பதறிவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ராஜா ஆட்டையா பார்க்கிறார், காகிதத்தை அல்லவா பார்க்கிறார்! அதை எழுதிய துரையோ நடுக்கடலில். நமக்கோ அந்த எழுத்துத் தெரியாது. தெரியாததை வைத்து வாதாட முடியாது, தெரிந்ததை வைத்துத்தான் இவன் கையைக் காப்பாற்றவேண்டும் என்று யோசித்தபடி மெல்ல எழுந்தார்.

"துபாசியாரே, எனக்குக் கொஞ்சம் புரியும்படி சொல்லும்."

"இதில் புரிய என்ன இருக்கிறது? கவ் என்றால் ஒரு மாடு, கவ்ஸ் என்றால் பல மாடு. வாலில் 'ஸ்' இருந்தால் பல, இல்லாவிட்டால் ஒன்று."

"நம் தமிழில் 'கள்' போடுகிற மாதிரி?"

"அதேதான். எந்த மொழியானாலும் விதி ஒன்றுதான். வாலைப் பார்த்தால் போதும்."

"ரொம்பச் சரி. இவன் கையை வெட்டச் சொன்னது யார்?"

"என்ன கேள்வி இது? மகாராஜா அவர்கள் சொன்னார்கள்!"

ஆவுடையப்பர் வாசல் பக்கம் திரும்பி, "யாரங்கே! இன்னொரு சிம்மாசனம் கொண்டுவா" என்றார்.

ராஜா திடுக்கிட்டார். "யாருக்கு ஐயா?"

"அதைத் துபாசியார்தான் சொல்லவேண்டும், மகாராஜா. 'அவர்கள்' என்றார், 'சொன்னார்கள்' என்றார். இரண்டு 'கள்'. இந்தச் சபையில் இன்னொரு ராஜாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாரோ!"

வரதப்பர் இரண்டு கையையும் வீசி மறுத்தார். "ஐயையோ! அது மரியாதைக் கள்!"

காவலாள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நாங்கள் குடிப்பது மரியாதையில்லாத கள்ளு போல."

ஆவுடையப்பர் சிரிக்கவில்லை. "அப்படியானால் வால் இருந்தும் ஒருவர். வால் இல்லாமல் பல இருக்காதா? 'சடையாண்டி ஆடு மேய்க்கிறான்' என்கிறோமே, ஒரே ஒரு ஆட்டையா மேய்க்கிறான்? மகாராஜா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. துபாசியார் தமக்குத் தெரியும் என்கிறார். மகாராஜா மேல் ஆணையாகச் சொல்லட்டும், ஷீப்ஸ் என்று எந்தத் துரையாவது எழுதி இவர் பார்த்ததுண்டா?"

வரதப்பர் கடிதத்தை மடித்தார். தலை தொங்கிவிட்டது. "பார்த்ததில்லை" என்றார். "மற்ற சொல் மாதிரிதான் இதுவும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்."

"நினைத்ததற்கா ஒருவன் கை போக இருந்தது?" ராஜாவுக்குத் தன்மேலேயே கோபம். கொண்டுவந்த சிம்மாசனத்தில் மந்திரியை உட்காரவைத்தார். பிறகு ஆட்டுக்காரனைப் பார்த்து, "சடையாண்டி, தப்பு எங்கள்மேல்தான். இந்தத் துபாசியின் கையை வெட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

சடையாண்டி பதறிப்போய்க் கும்பிட்டான்.

"வேண்டாம் சாமி. அந்தக் கையாலேயே எனக்கு ஒரு ஓலை எழுதித் தரட்டும். பன்னெண்டு ஆடுன்னு தமிழிலேயே எழுதட்டும். அடுத்த சாவடியிலயும் படிச்சவங்க இருப்பாங்கல்ல?"