குறையில்லாத குதிரை

மரகதம்மாளின் ஆசிரமத்துக்கு ஒருநாள் காலையில் ஒரு குதிரை தானமாக வந்தது.

கொண்டுவந்தவர் செங்கோடன். அந்தியூர்ப் பக்கம் மஞ்சள் போட்டு, குதிரை வளர்த்துப் பிழைப்பவர். குதிரையை வேப்பமரத்தில் கட்டினார். கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "மயிலுன்னு கூப்புட்டா வருமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

எவ்வளவு பெரிய மனசு என்று ஆசிரமத்தில் எல்லோரும் வியந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நாச்சிமுத்து போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். வீட்டில் ஒருவரையும் நம்ப முடியாமல் போன பிறகு மரகதம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

குதிரையின் பல்லைப் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நடத்திப் பார்த்தார். பிறகு குருவிடம் போனார்.

"அம்மா, குதிரையில ஒரு குறையும் இல்லைங்க."

"சந்தோஷம்."

"அதுதாங்க இடிக்குது. குறையில்லாத குதிரையை எவன் சும்மா கொடுப்பான்? திருட்டுக் குதிரையா இருக்கும். இல்லைன்னா ஏதாவது வழக்கு இருக்கும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிருங்க. இந்தச் சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போகமாட்டேங்குது."

"இப்ப விடாதீங்க" என்றார் மரகதம்மாள். "போய்ப் பார்த்துட்டு வாங்க."

செங்கோடனின் மஞ்சள் காடு தண்ணீர் காணாமல் வாடிக் கிடந்தது. ஆனால் லாயம் கழுவி விட்டிருந்தது. சேணமும் கடிவாளமும் துணியில் பொதிந்து ஓரமாக இருந்தன. செங்கோடன் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சிரித்த முகமாக மோர் கொடுத்தார்.

நாச்சிமுத்து மோரைக் குடிக்கவில்லை.

"வீட்டுக்காரம்மா இல்லையா?"

"மக வூட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேனுங்க. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"காட்டுக்கு ஏன் தண்ணி விடலை?"

"வுட்டு என்னங்க ஆகப்போவுது."

"குதிரை யாரோடது?"

"என்னுதுதானுங்க. இந்த லாயத்துலதான் பொறந்துச்சு."

"அப்புறம் எதுக்குக் கொடுத்தீங்க?"

"நாளைக்கு அதைப் பாக்க ஆளு வேணுமில்லீங்களா."

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பக்கத்துக் காட்டுக்காரரையும் நாச்சிமுத்து விசாரித்தார். ஐப்பசி மழையில் கிழங்கு நிறைய அழுகிப்போனதாம். மயில் போட்ட குட்டியும் தங்கவில்லையாம். அன்றிலிருந்து செங்கோடன் யாரோடும் பேசாமல் கிடந்தாராம். "இப்பத்தான் ஆளு தெளிஞ்சிருக்கான்" என்றார் அவர்.

அந்தத் தெளிவை நாச்சிமுத்து நம்பவில்லை. வேகமாகத் திரும்பி வந்தார்.

"அம்மா, குதிரை அவரோடதுதான். ஆனா ஊரைவிட்டு ஓடப்போறவன்தான் இப்படி எல்லாத்தையும் ஒழுங்குபண்ணி வைப்பான்."

"ஊரை விட்டா?" என்று கேட்டார் மரகதம்மாள்.

"அய்யோ" என்று நாச்சிமுத்து வாசலுக்குத் திரும்பினார்.

மரகதம்மாள் எழுந்தார். செங்கோடனின் மனைவிக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார். குதிரையை அவிழ்த்துக் கயிற்றை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"நடத்திக் கூட்டிட்டுப் போங்க. அவரை நேரா கேளுங்க, செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களான்னு."

"கேட்டா, இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கின மாதிரி ஆயிடாதுங்களா?"

"நீ திருடினியான்னு நீங்க கேட்டதால யாராவது திருடன் ஆகியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"பதில் எதுவா இருந்தாலும் புத்தி சொல்லாதீங்க. தனியா விடாதீங்க. நான் வண்டி பிடிச்சுட்டுப் பின்னாலேயே வர்றேன்."

குதிரையைக் கண்டதும் செங்கோடனின் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்குங்க திருப்பிக் கொண்டாந்தீங்க?"

நாச்சிமுத்து எத்தனையோ பேரை விசாரித்தவர். இந்தக் கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

செங்கோடன் குதிரையின் பிடரி மயிரில் கையை விட்டார்.

"ஆமாங்க" என்றார்.

பிறகு லாயத்துத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். நாச்சிமுத்து வெளுத்த சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

மரகதம்மாள் வந்ததும் வீட்டில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் கேட்டு வாங்கி வெளியே அனுப்பினார். மனைவியும் வந்து சேர்ந்தாள். எல்லோருமாகச் செங்கோடனை ஈரோட்டில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். பேச வரச் சொன்னார்கள். மாத்திரையில் என்ன கலந்திருக்கிறதோ என்று செங்கோடன் முதலில் துப்பினார். மனைவி பக்கத்திலேயே இருந்து விழுங்க வைத்தாள்.

நாச்சிமுத்து தினமும் போனார். இருவரும் குதிரைக்குப் புல் போட்டார்கள். காட்டுக்குத் தண்ணீர் கட்டினார்கள். மஞ்சள் பாதிக்குமேல் பிழைக்கவில்லை.

ஒருநாள் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த செங்கோடன் சட்டென்று நிறுத்தினார்.

"என்னை வேவு பாக்க அனுப்பியிருக்காங்களா?"

"ஆமா" என்றார் நாச்சிமுத்து.

செங்கோடன் அவரையே உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்கு என்னை ஒண்ணு கேட்டீங்களே. உங்களை யாராச்சும் அப்படிக் கேட்டிருக்காங்களா?"

நாச்சிமுத்து புல்லுக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். மரகதம்மாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் என்னைக் கேக்கறார், அம்மா" என்றார். கேள்வியைச் சொன்னார். "நான் இங்க வந்த அன்னிக்கே நீங்க கேட்டிருக்கலாமே?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னு சொன்னீங்க."

"நம்பிட்டீங்களா?"

"இல்லை" என்றார் மரகதம்மாள். "அதையே சொன்னா அவரும் நம்பமாட்டார். குதிரையைத் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள போங்க."