தூக்கிய விதம்

இந்தக் கதையைச் சொன்னவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. இருந்தாலும் பல வருஷங்களாக இதை முழுதாக நம்ப முடிந்ததில்லை. ஒரு துறவி இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருப்பாரா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வந்தது. நம்பாமலேயே இதைப் பலரிடம் சொல்லியும் ஆயிற்று. கேட்டது கேட்டபடி இதோ.

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தூக்குகிறவர் அன்றைக்குச் சாமியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்.

திருமலைக்கொழுந்து மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர்தான் தூக்கினார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். பக்கவாதத்தில் பல வருஷம் படுத்துக் கிடந்த மனைவி ஆவுடையம்மாள் போன பிறகு, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டார். சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சாமியின் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டுவார். முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, துண்டைப் பிடித்து ஒரே மூச்சில் எழுப்புவார். தூக்கினதே சாமிக்குத் தெரியாது.

கேள்வி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த மார்கழியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. புது வலி இல்லை, வரும்போதே கூட வந்ததுதான். இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்பில் கோளாறு இல்லை என்றார். ஆனால் இப்படியே விட்டால் இனி யாரையும் தூக்க முடியாது என்றார்.

தூக்க முடியாவிட்டால் மடத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆவுடையம்மாள் படுத்திருந்த கட்டில் கிடந்தது.

மடத்தில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அன்று அதே பேச்சு.

"கோயம்புத்தூர்ல ஒரு கைரோபிராக்டர் இருக்காரு, அண்ணாச்சி," என்றார் கடற்கரை. "குப்புறப் போட்டு ஒரே அமுக்கு. சடக்குன்னு ஒரு சத்தம். எந்திரிச்சு நடந்து வந்து பஸ் ஏறிரலாம்." செல்போனில் வீடியோவும் காட்டினார்.

"முறுக்கு கடிச்சாலும்தான் சத்தம் வருது," என்றார் பரமார்த்தலிங்கம். "தென்காசியில பிசியோதெரபிஸ்ட் ஒரு பிள்ளை இருக்கு. பயிற்சி சொல்லிக் குடுக்கும். தினம் செய்யணும். மெதுவாத்தான் போகும். ஆனா போயிரும்."

"எது, ஆளா?"

"வலி, வே!"

கொழுந்து சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலத் துண்டோடு வந்தார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார் சாமி.

"தூக்கிருவேன், சாமி."

தூக்கினார். நாற்காலியில் உட்கார வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்."

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கடற்கரை அப்படியே நின்றுவிட்டார்.

"கைரோபிராக்டர்கிட்ட போகவா, பிசியோகிட்ட போகவா?"

"நல்லாக் கேட்டீரு," என்றார் கடற்கரை, வாயில் நுரையோடு. "நான் மோட்சத்துக்கு வழி கேப்பீருன்னு பார்த்தேன்."

சாமி கொழுந்தையே பார்த்தார்.

"இந்த மாதிரித் தூக்க யாரு சொல்லிக் குடுத்தது?"

"அவளைப் பாக்க வீட்டுக்கு ஒரு பிசியோ வருவாரு. அவருதான்."

"இப்படித் தூக்குற ஆளுக்கு முதுகு போகாதே."



சாமி தன் இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"அவங்களை எப்படித் தூக்கினீரோ, அப்படி வாரும்."

"அது தப்பான முறை, சாமி."

"தெரியும். வாரும்."

கொழுந்து குனிந்தார். சாமியின் இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டார். பிறகு அப்படியே காத்திருந்தார்.

"வலது கை?"

"அதை அவளே போடுவா."

சாமி வலது கையையும் அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"துண்டு கட்டித்தான் முதல்ல தூக்கினேன்," என்றார் கொழுந்து. தலை சாமியின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. "ஒருநாள் அழுதுட்டா. மூட்டையத் தூக்குற மாதிரித் தூக்குதீங்களேன்னு. அதுக்கப்புறம் துண்டு கட்டல. கழுத்தைப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். பாரம் பூராவும் முதுகுலதான். தூக்கின உடனே உட்கார வைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நிப்பேன்."

"வலிக்குமே?"

"வலிக்கும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"கேப்பா. இல்லைம்பேன்."

தூக்கு என்று சாமி சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை. கடற்கரை வாய் கொப்பளிக்காமலே கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

"காலையில குனியும்போது அந்த இடத்துல பிடிக்கும்," என்றார் கொழுந்து. "அப்ப அவ கை கழுத்துல இருக்கும். மத்த நேரம் மூஞ்சிகூடச் சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. ரெண்டு பேருல யாருகிட்ட போனாலும் இது போயிரும், சாமி. போகலைன்னா உங்களைத் தூக்க முடியாது."

வாசல் வழியாக உள்ளே வந்த கோழிகள் கீழே கிடந்த துண்டைக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன.

சாமி மெதுவாகக் கைகளை எடுத்துக்கொண்டார்.

"கோயம்புத்தூருக்குப் போனா அவங்க ஒரு சத்தத்தோட போயிருவாங்க. தென்காசிக்குப் போனா தினம் கொஞ்சமாப் போவாங்க. வழியனுப்ப உமக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

கொழுந்து குனிந்தபடியே இருந்தார்.

கதையை எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், இதைச் சொன்னவர். சொன்னவர் கொழுந்து அண்ணாச்சியேதான்.

பற்றை விடு என்று சொல்ல வேண்டிய ஒருவர் எவ்வளவு நேரம் வேண்டும் என்றா கேட்டிருப்பார்? ஒருவேளை, தன்னிடம் யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய ஒருவர் உண்டாக்கிக்கொண்ட பதிலோ? இதை நேரிலேயே கேட்டுவிட வேண்டும் என்றுதான் போன ஐப்பசியில் மடத்துக்குப் போனது.

முற்றத்தில் சாமி நாற்காலியில் இருந்தார். கட்டில் ஓரத்தில் துண்டு மடித்து வைத்திருந்தது. பவளமல்லி உதிர்ந்து கிடந்த இடத்தில், முட்டியை மடக்காமல், அண்ணாச்சி பூ எடுக்கக் குனிந்தார். பாதியில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்க வந்த கேள்வி வேறு. வாயில் வந்தது இதுதான்:

"அண்ணாச்சி, இன்னும் வலிக்கா?"