மூக்காயி கைதட்டின கூத்து

முன்னொரு காலத்துல, ஏரித்தண்ணியை நம்பியே சோறு தின்ன செங்குளம் நாட்டை அதிரவீரன்னு ஒரு ராசா ஆண்டாரு. கெட்டவரு இல்ல. ஆனா கூத்துப் பைத்தியம். வேஷக்காரன் சுந்தரபாணி மேடையில தும்மினாக்கூட, "ஆகா, என்னா தும்மல்!"னு முத்துமாலையைக் கழட்டி வீசுவாரு.

இதைப் பார்த்துப் பார்த்து, தலையில அடிச்சு அடிச்சே மந்திரி நல்லநாயகத்துக்கு நெத்தியில தழும்பே விழுந்துபோச்சு.

ஒருநாள் அவரு ராசா முன்னாடி போய் நின்னாரு. "மகாராசா, மடைக்காரி மூக்காயிக்கு ஒரு கயிறு வேணும். வெள்ளம் வந்தா அவதான் ஏரிக்குள்ள முங்கி மடைக்கல்லைத் தூக்கணும். இடுப்புல கட்டுற கயிறு நைஞ்சுபோச்சு. மூணு மழைக்காலமா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"நல்ல கயிறெல்லாம் சுந்தரபாணி மேடைத்திரைக்குப் போயிருச்சேய்யா!"

மந்திரி பேரைக் கேட்டாலே வயிறெரியுற ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் கிளுக்குன்னு சிரிச்சாரு. "நாளைக்கு 'ஏரி காத்த வீரன்' கூத்து, மந்திரியாரே! எங்க சுந்தரபாணியே வெள்ளத்துல குதிச்சு மடை திறக்கப்போறாரு. அப்புறம் மூக்காயி எதுக்கு?"

"அவரு குதிக்கிறது தண்ணியிலயா, நீலத்துணியிலயா புலவரே?"

ராசாவுக்குச் சுருக்குன்னுது. "நாளைக்கு ஏரிக்கரை மண்டபத்துல ஊரே உக்காந்து கைதட்டணும்! கூத்து முடியுமுன்ன எந்திரிச்சா மொட்டை! மந்திரி, நீயே பொறுப்பு."

"உத்தரவு மகாராசா"ன்னாரு மந்திரி. அவ்வளவு பணிவா அவரு பேசினதே இல்ல.

மறுநாள் மழை பிச்சு உதறுது. மந்திரி மூக்காயியை முன்வரிசையில, ராசா கண்ணு முன்னாடியே உக்கார வச்சாரு.

"சாமி, தண்ணி ஏறுது. என்னை விடுங்க."

"கரை இன்னும் ஒரு நாழிகை தாங்கும் தாயி. கைதட்டு."

"யாரு சொன்னா? அரை நாழிகைதான்."

மந்திரிக்கு வேர்த்துருச்சு.

மேடையில சுந்தரபாணி மீசையை முறுக்கி, "ஏய் வெள்ளமே, நில்!"னான். வெள்ளம் நிக்கல. படியேறி வந்து ராசா செருப்பை அள்ளிக்கிட்டுப் போச்சு.

"ஐயோ, மடையைத் திறங்க! மடைக்காரி எங்க?"ன்னு ராசா அலறினாரு.

மந்திரி கையைக் காட்டினாரு. "இந்தா, கைதட்டிக்கிட்டு இருக்கா. எந்திரிச்சா மொட்டைன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் வீரரு மேடையிலயே நிக்கிறாரே, அவரைக் குதிக்கச் சொல்லுங்க."

வீரரு அதுக்குள்ள தூணுல பாதி ஏறிட்டாரு. "எனக்கு நீச்சல் தெரியாதுங்க! குளிச்சாலே சளி புடிக்குமுங்க!"

"உத்தரவு ரத்து! எந்திரி தாயி!"

மூக்காயி எந்திரிச்சா. "கயிறு?"

மந்திரி ஒரே இழுப்புல திரைக்கயித்தைப் பிடுங்கினாரு. திரை பொத்துன்னு புலவர் தலையில விழுந்துச்சு. கயித்து நுனி ஒண்ணை மூக்காயி இடுப்புல கட்டி, மறு நுனியை ராசா கையில திணிச்சாரு. "புடிங்க. விட்டீங்கன்னா அவ உசிரு போயிரும்."

மூக்காயி முங்கினா. கயிறு ஓடுது, ராசா உள்ளங்கை எரியுது. திடீர்னு மடை திறந்து வாய்க்கால்ல தண்ணி ஓன்னு இரைஞ்சுச்சு. அவ தலை தண்ணிக்கு மேல வந்துச்சு.

ராசா அழுதுட்டாரு. "யானை மேல ஏத்துங்க அவளை!"

"யானை எதுக்கு சாமி? இந்தக் கயித்தைத் திருப்பிக் கேக்காம இருங்க, போதும்."

ராசா தலை குனிஞ்சாரு. "வருசா வருசம் முதல் கயிறு உனக்குத்தான், சபையில முதல் ஆசனமும் உனக்குத்தான். இனி நீ முங்குறப்பல்லாம் இந்தப் புலவரும் வேஷக்காரனும் கரையில நனைஞ்சுக்கிட்டே கைதட்டணும், நீ மேல வர்ற வரைக்கும்!"

மந்திரிக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. ராசா மெல்ல அவரு காதுகிட்ட வந்தாரு.

"யோவ் மந்திரி, இதையே ஒரு கூத்தாப் போட்டா என்ன? மூக்காயி வேஷத்துக்கு நம்ம சுந்தரபாணி..."

மந்திரி நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. அதே தழும்பு மேலயே.