வர வேண்டாம் என்றொரு கடிதம்

கல்லாற்றுமுனையிலிருந்து வந்த கடிதத்தைப் போதகர் ஜெபசீலன் நான்கு தடவை படித்துவிட்டார். ஐந்தாம் தடவை படிக்கத் தெம்பில்லாமல், அதை எடுத்துக்கொண்டு உபதேசியார் வேதமாணிக்கத்தின் வீட்டுக்கு நடந்தார். பதவியில் போதகர்தான் பெரியவர். ஆனால் ஊழியம் என்றால் என்னவென்று அவர் கற்றுக்கொண்டது இந்த உபதேசியாரிடம்தான்.

கல்லாற்றுமுனை இலங்கையில் ஒரு கடற்கரை ஊர். பதினாறு வருடமாக ஜெபசீலனின் சபையார் ஆண்டுக்கொரு முறை அங்கே போய் வருகிறார்கள். பாட்டு, ஜெபம், மருத்துவ முகாம், கூடவே ஏதாவது ஒரு பரிசு. வருகிற திங்கட்கிழமை பதினான்கு பேர் கிளம்ப வேண்டும்.

"வாசிங்க பாஸ்டர்," என்றார் உபதேசியார், தணிந்த குரலில்.

'போன முறை நீங்கள் ஆசையோடு தந்த பன்னிரண்டு வலையையும் பன்னிரண்டு குடும்பம் எடுத்தது. அவையள் இப்ப தனித்தனியாகத் தொழிலுக்குப் போகினம். ஊர் கூடி இழுத்த கரைவலைக்கு ஆளில்லை. கோயிலிலும் இரண்டு பக்கமாக இருக்கினம். இதை நாங்கள் எங்களுக்குள் பேசித் தீர்க்க வேணும். இந்த வருசம் வராதேங்கோ.'

வாசித்து முடித்து ஜெபசீலன் கடிதத்தை மடியில் வைத்தார். வலை கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான்.

"பதினாறு வருச உறவு, உபதேசியாரே. என் கையில முறிஞ்சிட்டு. நேர்ல போயி மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

உபதேசியார் பதில் சொல்வதற்குள் சபைச் செயலாளர் தங்கதுரை வந்துவிட்டார். அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"கோவத்துல வராதேன்னு எழுதுவாங்க. அதுக்காகப் போகாம இருப்பமா? டிக்கெட் எடுத்தாச்சு, பாஸ்டர்! வாசல்ல போயி நின்னா விரட்டியா விடுவாங்க?"

உபதேசியார் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தானே அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். செயலாளர் அரைமணி நேரம் முழங்கினார். எழுந்தபோது, "இன்னுங் கொஞ்சம் இருங்களேன்," என்றார் உபதேசியார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

செயலாளரின் பைக் தெருமுனை தாண்டியிருக்காது. உபதேசியாரின் மைத்துனர் அருமைநாயகம் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வராத மாப்ளே," என்றார் உபதேசியார். "ஒங்க அக்கா ரெண்டு நாளா காய்ச்சல்ல பொரண்டுட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கா. நீ வந்தா எந்திரிச்சிருவா. சாயங்காலம் வா."

"சரி அத்தான்." பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஜெபசீலனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எவ்வளவு நேரமாக இங்கே உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருக்கிறோம்!

"அம்மாவுக்குக் காய்ச்சலா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீங்க பாஸ்டர். ஒங்களப் போயி எப்பிடிப் போன்னு சொல்ல?"

உள்ளறையில் இருமல் கேட்டு அடங்கியது. ஜெபசீலன் மடியில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். பதினாறு வருடமும் அந்த ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் நன்றி இருந்தது, வாருங்கோ என்ற அழைப்பு இருந்தது. ஒரு குறைகூட எழுதியதில்லை. குறை இல்லாமலா இருந்திருக்கும்?

"டிக்கெட்டை ரத்துப் பண்ணச் சொல்லுதேன்," என்றார், குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு.

உபதேசியார் தலையசைத்தார்.

ஆனாலும் ஜெபசீலனால் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே கிடந்த பயத்தைச் சொல்லியே விட்டார்.

"பொறவு அவங்க நம்மளக் கூப்பிடாமலே போயிட்டா?"

"போவலாம்," என்றார் உபதேசியார். "வேண்டாம்னு சொல்ல இத்தன வருசம் அவங்களுக்கு வாய் வரல. அதத்தான் நாம உறவுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம், பாஸ்டர்."